காப்பீடு இல்லாத நோயாளி: அமெரிக்காவின் நூறாண்டு வரலாறு

அமெரிக்காவில் மருத்துவக் காப்பீடு இல்லாதவருக்கும் வைத்தியம் உண்டு. ஆனால் அது தாமதமாகக் கிடைக்கும், தொலைவில் கிடைக்கும், காப்பீடு உள்ளவர் கொடுப்பதைவிடக் கூடுதல் விலைக்குக் கிடைக்கும். நோய் முற்றி உயிருக்கு ஆபத்து என்ற கட்டத்தில் மருத்துவமனை அவரைச் சேர்த்துக்கொள்ளும். பிழைத்து வீடு திரும்பிய பிறகு பில் துரத்தும். யாரும் உட்கார்ந்து திட்டமிட்டுச் செய்த ஏற்பாடு அல்ல இது. முதியோருக்கு ஒரு சட்டம், சிறுநீரக நோயாளிக்கு ஒரு சட்டம், அவசர நோயாளிக்கு ஒரு சட்டம் என்று ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொரு தடவையும் எந்தச் சட்டத்திலும் அடங்காத பல லட்சம் பேர் மிஞ்சினார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மருத்துவமனை என்பது போக்கிடமற்ற ஏழைகள் போய்ப் படுக்கும் இடம். வசதியுள்ளவர்கள் மருத்துவரை வீட்டுக்கே அழைத்துக்கொண்டார்கள். மயக்க மருந்தும் கிருமிநீக்கமும் எக்ஸ்ரேயும் வந்தபிறகு நிலைமை தலைகீழானது. 1920களில் அறுவைச் சிகிச்சைக்கும் பிரசவத்துக்கும் நடுத்தரக் குடும்பங்கள் மருத்துவமனையை நாடத் தொடங்கின. கட்டணமும் அவர்கள் சம்பளத்துக்கு எட்டாத உயரத்துக்குப் போனது. டெக்சஸ் மாநிலம் டல்லாஸில் பெய்லர் பல்கலைக்கழக மருத்துவமனையை நிர்வகிக்க வந்த ஜஸ்டின் ஃபோர்ட் கிம்பல், வசூலாகாத பில்களைப் புரட்டியபோது பள்ளி ஆசிரியர்களின் பெயர்கள் அவற்றில் நிறைய இருப்பதைக் கண்டார். அவர் முன்பு அந்நகரப் பள்ளிகளின் கண்காணிப்பாளராக இருந்தவர். ஆசிரியர்களின் வரும்படி அவருக்குத் தெரியும். மாதம் 50 சென்ட் கட்டினால் 21 நாள் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கும் திட்டம் ஒன்றை 1929இல் அவர்களுக்காகத் தொடங்கினார். பின்னாளில் புளூ கிராஸ் என்ற பெயரில் நாடெங்கும் பரவிய காப்பீட்டின் தொடக்கம் இதுதான். ஆசிரியர்களைக் கடனிலிருந்து காத்த இந்த ஏற்பாடு, பொருளாதார மந்தத்தில் படுக்கைகள் காலியாகக் கிடந்த மருத்துவமனைகளையும் காத்தது. ஆனால் மாதச் சம்பளக்காரர்கள் ஒரே இடத்தில் கூட்டமாக இருந்தால்தான் இப்படிச் சந்தா பிரிக்க முடியும். அன்றாடக் கூலிக்குப் போனவர்கள் தொடக்கத்திலேயே வெளியில் நின்றார்கள்.

இரண்டாம் உலகப் போர் இந்தப் பிரிவினையைக் கெட்டிப்படுத்தியது. விலைவாசியைக் கட்டுக்குள் வைக்க 1942இல் அரசு கூலி உயர்வுக்குத் தடை போட்டது. ஆள் பற்றாக்குறையில் தவித்த தொழிற்சாலைகள் காப்பீடு போன்ற சலுகைகளைத் தருவதற்கு மட்டும் அனுமதி இருந்தது. சம்பளத்தைக் கூட்ட முடியாத முதலாளிகள் காப்பீட்டைக் காட்டி ஆள் பிடித்தார்கள். முதலாளி கட்டும் பிரீமியத்துக்குத் தொழிலாளி வரி செலுத்த வேண்டியதில்லை என்பதை 1954ஆம் ஆண்டின் வரிச் சட்டம் உறுதி செய்தது. போர்க்காலத் தேவைக்காக வந்த வழக்கம் நிரந்தரமாகிவிட்டது. 1940இல் ஏறத்தாழப் பத்தில் ஒருவரிடம் இருந்த மருத்துவமனைக் காப்பீடு, 1950களில் மக்கள்தொகையில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் இருந்தது. எல்லாருக்கும் பொதுவான தேசியக் காப்பீடு வேண்டும் என்று குடியரசுத் தலைவர் ஹாரி ட்ரூமன் 1945 நவம்பரில் நாடாளுமன்றத்தைக் கேட்டார். அமெரிக்க மருத்துவச் சங்கம் அதைச் சோஷலிச மருத்துவம் என்று சாடியது. விட்டேக்கர் - பாக்ஸ்டர் என்ற பிரசார நிறுவனத்தை அமர்த்திப் பெரும் பணம் செலவழித்து முறியடித்தது.

காப்பீடு வேலையோடு பிணைக்கப்பட்டதன் விளைவு கொடியது. நோய் வந்தால் வேலை போகும். வேலை போனால் காப்பீடு போகும். காப்பீடு மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் அது கையைவிட்டு நழுவியது. பண்ணைக் கூலிகள், வீட்டு வேலை செய்வோர், சிறுகடைச் சிப்பந்திகள், ஓய்வு பெற்றவர்கள் ஆகியோரிடம் அது முதலிலிருந்தே இல்லை. இவர்களில் கறுப்பின மக்களும் மெக்சிகோ வம்சாவளியினரும் மிகுதி. 1946ஆம் ஆண்டின் ஹில்-பர்ட்டன் சட்டம், கட்டட நிதி பெறும் மருத்துவமனைகள் பணம் இல்லாதவர்களுக்கு நியாயமான அளவு இலவச சிகிச்சை தர வேண்டும் என்றது. நியாயமான அளவு எவ்வளவு என்று பல ஆண்டுகள் யாரும் வரையறுக்கவில்லை. இன அடிப்படையில் தனித்தனி வார்டுகள் வைப்பதையும் அந்தச் சட்டம் அனுமதித்தது. 1963இல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு வந்துதான் அந்த அனுமதி செல்லாததாயிற்று.

1965 ஜூலை 30 அன்று மிசௌரி மாநிலம் இண்டிபெண்டன்ஸ் நகரில் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம், 65 வயது கடந்தவர்களுக்கு மெடிகேர் திட்டத்தையும் ஏழைகளில் சில பிரிவினருக்கு மெடிகெய்ட் திட்டத்தையும் தந்தது. முதல் மெடிகேர் அட்டை ட்ரூமனுக்கு வழங்கப்பட்டது. மெடிகெய்டில் சேர ஏழையாக இருந்தால் மட்டும் போதாது. குழந்தைகளை வளர்க்கும் தாய், கர்ப்பிணி, பார்வையற்றவர், ஊனமுற்றவர் என ஏதாவது ஒரு வகைக்குள் வர வேண்டும். உடல் திடமான, பிள்ளையில்லாத ஒரு கூலித்தொழிலாளி எவ்வளவு வறியவராயினும் பெரும்பாலான மாநிலங்களில் அவருக்கு இடமில்லை. இந்நிலை ஏறக்குறைய அரை நூற்றாண்டு நீடித்தது.

பணம் இல்லாதவர் சாக வேண்டியிருக்கும் என்ற உண்மையை அமெரிக்கப் பொதுமக்கள் நேருக்கு நேர் பார்த்தது டயாலிசிஸ் விஷயத்தில். சியாட்டில் நகரில் மருத்துவர் பெல்டிங் ஸ்கிரிப்னர் 1960இல் டெஃப்லான் குழாயால் ஒரு வழி கண்டுபிடித்தார். கையிலேயே நிலையாகப் பொருத்தப்பட்ட அந்தக் குழாய் மூலம் வாரந்தோறும் ரத்தத்தைச் சுத்திகரிக்க முடிந்தது. சிறுநீரகம் செயலிழந்தவர் சில வாரங்களில் இறந்துபோன காலம் அது. இனி ஆண்டுக்கணக்கில் வாழலாம் என்றாயிற்று. ஆனால் இயந்திரங்கள் சில, நோயாளிகள் பலர், ஆண்டுச் செலவோ பத்தாயிரம் டாலர் அளவில். காப்பீட்டு நிறுவனங்கள் இதைப் பரிசோதனை நிலையில் உள்ள சிகிச்சை என்று ஒதுக்கின. யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்ய ஏழு பேர் கொண்ட குழு அமைக்கப்பட்டது. ஒரு வழக்கறிஞர், ஒரு பாதிரியார், ஒரு வங்கியாளர், ஒரு இல்லத்தரசி, ஒரு அரசு அதிகாரி, ஒரு தொழிற்சங்கத் தலைவர், ஒரு அறுவைச் சிகிச்சை நிபுணர். நோயாளியின் வயது, திருமணம், பிள்ளைகளின் எண்ணிக்கை, வருமானம், சொத்து, படிப்பு, தொழில், சர்ச்சுக்குப் போகும் வழக்கம் எல்லாம் அவர்கள் மேசைக்கு வந்தன. 1962 நவம்பரில் லைஃப் இதழில் ஷானா அலெக்சாண்டர் எழுதிய கட்டுரை இதை அம்பலப்படுத்தியபோது நாடு திடுக்கிட்டது. அண்டை வீட்டாரைப் போன்ற ஏழு பேர், யார் பிழைக்கலாம் என்று சொத்தையும் சுபாவத்தையும் பார்த்துத் தீர்ப்பளித்திருக்கிறார்கள்.

1971 நவம்பர் 4 அன்று ஒரு சிறுநீரக நோயாளி இயந்திரத்தோடு நாடாளுமன்றக் குழுவின் முன்னால் வந்து, உறுப்பினர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிறிது நேரம் டயாலிசிஸ் செய்துகொண்டார். அடுத்த ஆண்டு அக்டோபரில் நிறைவேறிய திருத்தம், நிரந்தரமாகச் சிறுநீரகம் செயலிழந்தவர்களில் ஏறத்தாழ எல்லாரையும் வயது வித்தியாசம் இல்லாமல் மெடிகேரில் சேர்த்தது. ஒரு நோய்க்கு மட்டும் அமெரிக்கா பொதுக் காப்பீடு தந்தது. புற்றுநோய்க்கும் இதயநோய்க்கும் அப்படி ஒரு காட்சியை யாரும் நடத்திக் காட்ட முடியவில்லை. ஒன்றுக்கு உண்டு, மற்றதற்கு இல்லை என்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது.

காப்பீடு இல்லாதவர்கள் கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் நகர நிர்வாகங்களும் மாவட்டம் போன்ற கவுண்டிகளின் நிர்வாகங்களும் நடத்திய பொது மருத்துவமனைகள். சிகாகோவின் குக் கவுண்டி மருத்துவமனை இவற்றில் பேர்போனது. ஹாரிசன் தெருவில் 1914இல் எழுந்த அதன் பெருங்கட்டடத்தில் நோயாளிகள் திரைத் தடுப்புகளுக்கு இடையே நீண்ட பொதுவார்டுகளில் கிடந்தார்கள். 1937இல் பெர்னார்ட் ஃபாண்டஸ் அமெரிக்காவின் முதல் மருத்துவமனை ரத்த வங்கியைத் தொடங்கியதும் அங்கேதான். நாட்டின் சிறந்த மருத்துவர்களில் பலர் பயின்ற இடம், பணமில்லாத எவரையும் திருப்பி அனுப்பாத இடம். அதனாலேயே மற்ற மருத்துவமனைகள் அதைப் பயன்படுத்திக்கொண்டன.

1980களின் தொடக்கத்தில் வேலையின்மை பெருகியது. மெடிகெய்ட் நிதி வெட்டப்பட்டது. 1983இல் மெடிகேர் நோய்வாரியாக நிர்ணயித்த தொகையை மட்டும் கொடுக்கத் தொடங்கியது. காசில்லாத நோயாளியின் செலவை மற்றவர்கள் பில்லில் ஏற்றி ஈடுகட்டும் பழைய வழி குறுகியது. தனியார் மருத்துவமனைகள் இப்படிப்பட்டவர்களை அவசரப் பிரிவின் வாசலிலிருந்தே ஆம்புலன்சில் ஏற்றி குக் கவுண்டிக்கு அனுப்பின. அங்கிருந்த மருத்துவர் கார்டன் ஷிஃப்பும் சகாக்களும் இப்படி வந்து வார்டில் சேர்க்கப்பட்ட 467 பேரை ஒவ்வொருவராக ஆராய்ந்து, 1986 பிப்ரவரியில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியிட்டார்கள். 87 சதவீதம் பேர் அனுப்பப்பட்டதற்குக் காரணம் போதிய காப்பீடு இல்லாமை. 89 சதவீதம் பேர் கறுப்பினத்தவர் அல்லது ஹிஸ்பானியர். இடம்மாற்றச் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்திட்டவர்கள் வெறும் 6 சதவீதம். நாலில் ஒருவர் அனுப்பப்பட்ட நேரத்திலேயே நிலையற்ற உடல்நிலையில் இருந்தார். 22 சதவீதம் பேரைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்க வேண்டியிருந்தது. மருத்துவ வார்டில், இப்படி வந்தவர்களில் 9.4 சதவீதம் பேர் இறந்தார்கள். நேராக வந்து சேர்ந்தவர்களில் 3.8 சதவீதம். அறுவைச் சிகிச்சை வார்டில் அப்படிப்பட்ட வேறுபாடு தெரியவில்லை என்பதையும் அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள். இந்த நேர்மைதான் அந்தக் கட்டுரையின் பலம். ஏழைகள் தள்ளிவிடப்படுகிறார்கள் என்ற குற்றச்சாட்டை இனி வதந்தி என்று ஒதுக்க முடியவில்லை.

அந்த ஆண்டு ஏப்ரலில் ரொனால்ட் ரேகன் கையெழுத்திட்ட எம்டாலா சட்டம், மெடிகேர் பணம் பெறும் எந்த மருத்துவமனையும் அவசரப் பிரிவுக்கு வருபவரின் பையைப் பார்க்காமல் முதலில் உடலைப் பரிசோதிக்க வேண்டும் என்றது. ஆபத்தான நிலை இருந்தால் அதைச் சீராக்கிய பிறகே வேறிடம் அனுப்பலாம். பிரசவ வலியோடு வருபவருக்கும் இது பொருந்தும். அமெரிக்காவில் எல்லாருக்கும் பொதுவாக உள்ள ஒரே மருத்துவ உரிமை இதுதான். இதனால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் ஏராளம். ஆனால் சட்டம் நிதி எதையும் ஒதுக்கவில்லை. பில் அனுப்புவதைத் தடுக்கவும் இல்லை. உடல் சீரான கணத்தில் உரிமை முடிந்துவிடுகிறது. மார்பகக் கட்டியில் ரத்தம் கசிந்தால் அதை நிறுத்துவார்கள். புற்றுநோய்க்கான கீமோதெரபிக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. சர்க்கரை ஏறி மயங்கி விழுந்தவரைத் தெளியவைத்து அனுப்புவார்கள். மறுநாள் போட வேண்டிய இன்சுலினை அவரே வாங்க வேண்டும்.

இந்த முரண் அப்பட்டமாகத் தெரிந்தது ஆவணமில்லாக் குடியேறிகளிடம். 1972ஆம் ஆண்டின் டயாலிசிஸ் உரிமை அவர்களுக்கு இல்லை. பல மாநிலங்களில் அவர்கள் வாரம் மூன்று தடவை செய்ய வேண்டிய டயாலிசிசை, மூச்சு முட்டி அவசரப் பிரிவுக்கு வரும்போது மட்டும் பெற்றார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவை எட்டியிருக்க வேண்டும். எட்டவில்லையென்றால் வீட்டுக்குப் போய்விட்டு இரண்டு நாள் கழித்து வரச் சொல்வார்கள். பொட்டாசியத்தை ஏற்றிக்கொள்ள நோயாளிகளில் சிலர் ஆரஞ்சுச் சாறு குடித்துவிட்டு வந்தார்கள். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு அது இதயத்தை நிறுத்திவிடக்கூடிய பானம். டென்வர், ஹூஸ்டன், சான்ஃபிரான்சிஸ்கோ ஆகிய மூன்று நகரங்களின் நோயாளிகளை ஒப்பிட்டு 2018இல் வெளிவந்த ஆய்வில், ஐந்தாண்டு முடிவில் அவசரமுறை டயாலிசிசில் இருந்தவர்களின் இறப்பு, முறையாகப் பெற்றவர்களின் இறப்பைப்போல் ஏறத்தாழ 14 மடங்காக இருந்தது. அவசரப் பிரிவிலும் வார்டிலும் அவர்கள் கழித்த நாட்களும் மிக அதிகம். கொலராடோ மாநிலம் 2019இல் விதியை மாற்றி முறையான சிகிச்சைக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது.

பில்லின் தொகை எப்படி உருவாகிறது என்பதில்தான் பலரும் அறியாத அநீதி இருக்கிறது. ஒவ்வொரு அமெரிக்க மருத்துவமனையும் ஊசி முதல் அறுவை அரங்கம் வரை அனைத்துக்கும் ஒரு விலைப்பட்டியல் வைத்திருக்கிறது. அந்த விலையை அரசோ காப்பீட்டு நிறுவனமோ கொடுப்பதில்லை. மெடிகேர் தான் நிர்ணயித்ததைக் கொடுக்கும். காப்பீட்டு நிறுவனங்கள் லட்சக்கணக்கான வாடிக்கையாளர்களைக் காட்டிப் பேரம் பேசித் தள்ளுபடி பெறும். பேரம் பேச ஆளில்லாத தனிமனிதருக்கு முழு விலை. 2004ஆம் ஆண்டு நிலவரப்படி, காப்பீடு இல்லாதவர்களுக்குப் போடப்பட்ட கட்டணம் காப்பீட்டு நிறுவனங்கள் உண்மையில் கொடுத்ததைப்போல் பெரும்பாலும் இரண்டரை மடங்கு என்று ஜெரார்ட் ஆண்டர்சன் கணக்கிட்டார். நாட்டிலேயே வறியவர்களிடம்தான் மருத்துவத்துக்கு மிக உயர்ந்த விலை கேட்கப்பட்டது. கலிஃபோர்னியா 2006இல் இதற்கு வரம்பு கட்டியது. 2010ஆம் ஆண்டின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம், லாபநோக்கற்ற மருத்துவமனைகள் உதவிக்குத் தகுதியுள்ள ஏழைகளிடம் இப்படி வாங்கக் கூடாது என்றது. உதவிக்கு விண்ணப்பிக்கலாம் என்பதே தெரியாமல் கடனில் விழுந்தவர்கள் பிறகும் இருந்தார்கள்.

கட்ட முடியாத பில் வசூல் முகமைக்குப் போகும். அங்கிருந்து நீதிமன்றத்துக்கு, சம்பளப் பிடித்தத்துக்கு, வீட்டின் மேல் பற்றுரிமைக்கு. 2022இல் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு வெளியிட்ட கணக்கின்படி, கடன் மதிப்பீட்டு அறிக்கைகளில் ஏறியிருந்த மருத்துவக் கடன் 8,800 கோடி டாலர். திவால் வழக்குகளில் எத்தனை மருத்துவத்தால் நேர்ந்தவை என்பதில் அறிஞர்களிடையே கடும் கருத்துவேறுபாடு உண்டு. ஹிம்மல்ஸ்டீன், எலிசபெத் வாரன் முதலானோர் 2007ஆம் ஆண்டு வழக்குகளில் 62 சதவீதம் என்றார்கள். 2018இல் வந்த ஓர் ஆய்வு, மருத்துவமனையில் சேர்ந்ததே நேரடிக் காரணமாக அமைந்தவை சுமார் 4 சதவீதம்தான் என்றது. முந்தையது மருத்துவக் கடனும் நோயும் இருந்த வழக்குகளை எல்லாம் எண்ணியது. பிந்தையது வேறு காரணங்களைக் கழித்துவிட்டு எண்ணியது. பெரிய எண்ணை மட்டும் மேற்கோள் காட்டுவது சரியல்ல. ஆனால் திவாலாகாமலே மருந்துக்கும் வாடகைக்கும் நடுவே நசுங்கியவர்கள் இரண்டு கணக்கிலும் வரவில்லை.

சாவின் கணக்கும் நீண்டகாலம் சர்ச்சையில் இருந்தது. காப்பீடு இல்லாததால் ஆண்டுக்கு 18,000 பேர் இறப்பதாக இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் என்ற அமைப்பு 2002இல் மதிப்பிட்டது. 2009இல் ஹார்வர்ட் குழு ஒன்று சுமார் 45,000 என்றது. காப்பீடு இல்லாதவர்கள் ஏற்கெனவே ஏழைகளாகவும் நோயாளிகளாகவும் இருந்திருக்கலாம், காப்பீடு கிடைத்தாலும் இறந்திருக்கலாம் என்ற மறுப்புக்கு இந்த ஆய்வுகளால் முழுப் பதில் சொல்ல முடியவில்லை. 2008இல் ஓரிகன் மாநிலம் மெடிகெய்டின் சுமார் 10,000 இடங்களுக்குக் குலுக்கல் நடத்தியது. ஏறத்தாழ 90,000 பேர் பெயர் கொடுத்தார்கள். இரண்டாண்டுக்குப் பிறகு பார்த்தபோது, காப்பீடு பெற்றவர்களிடம் பேரழிவான மருத்துவச் செலவு கிட்டத்தட்ட ஒழிந்திருந்தது, மனச்சோர்வு கணிசமாகக் குறைந்திருந்தது. ரத்த அழுத்தத்திலும் கொழுப்பிலும் தெளிவான மாற்றம் தென்படவில்லை. தெளிவான விடை தற்செயலாக வரித்துறையிலிருந்து வந்தது. 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி காப்பீடு எடுக்காததற்கு அபராதம் கட்டிய 45 லட்சம் குடும்பங்களுக்கு, எங்கே காப்பீடு வாங்கலாம் என்று கடிதம் எழுத அத்துறை முடிவு செய்தது. பணம் போதாததால் 39 லட்சம் குடும்பங்களுக்கு மட்டும் கடிதம் போனது. விடுபட்டவர்கள் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். கடிதம் பெற்றவர்களில் 45 முதல் 64 வயதுக்குட்பட்ட ஒவ்வொரு 1,648 பேருக்கும் ஒரு சாவு குறைந்தது என்று கோல்டின், லூரி, மக்கப்பின் ஆகிய மூவரும் 2021இல் காட்டினார்கள். ஒரு கடிதமே உயிர்களைக் காத்திருக்கிறது.

இந்தத் தேவையின் உருவத்தைக் கண்ணால் பார்க்க விரும்பியவர்கள் வர்ஜினியாவின் மலைப்பகுதியான வைஸ் கவுண்டிக்குப் போனார்கள். அமேசான் காடுகளுக்கு மருத்துவம் கொண்டுபோக ஸ்டான் பிராக் 1985இல் தொடங்கிய ரிமோட் ஏரியா மெடிக்கல் என்ற தொண்டு அமைப்பு, பிறகு அமெரிக்காவுக்குள்ளேயே முகாம்கள் நடத்தியது. வைஸ் கவுண்டியின் பொருட்காட்சி மைதானத்தில் ஆண்டுதோறும் ஜூலையில் மூன்று நாள் முகாம் கூடியது. முன்னிரவே காரில் வந்து படுத்து, விடியுமுன் வரிசை எண் வாங்கிக் காத்திருந்தார்கள். கால்நடைகளைக் கட்டும் கொட்டகைகளைக் கழுவித் திரை தொங்கவிட்டுப் பரிசோதனை நடந்தது. கூடாரங்களில் பற்கள் பிடுங்கப்பட்டன. ஒரே நாளில் வாயிலிருந்த பற்கள் அத்தனையையும் எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. 2007இல் அங்கே போன வெண்டல் பாட்டர், சிக்னா காப்பீட்டு நிறுவனத்தின் செய்தித் தொடர்பு அதிகாரி. அந்தக் காட்சி தாங்காமல் மறு ஆண்டு வேலையை விட்டு, 2009இல் செனட் குழு முன் தன் துறைக்கு எதிராகவே சாட்சியம் அளித்தார்.

2010 மார்ச்சில் பராக் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம், ஏற்கெனவே நோய் உள்ளவருக்குக் காப்பீடு மறுக்கக் கூடாது என்றது. வறுமைக் கோட்டை ஒட்டிய எல்லாரையும் மெடிகெய்டில் சேர்க்கச் சொன்னது. இந்த விரிவாக்கத்தை மாநிலங்கள் மீது திணிக்க முடியாது என்று 2012 ஜூனில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2010இல் 4.5 கோடிக்கு மேலிருந்த காப்பீடற்றோர் தொகை 2023இல் சுமார் 2.6 கோடிக்கு இறங்கியது. டெக்சஸ், புளோரிடா உள்ளிட்ட பத்து மாநிலங்கள் இன்னும் விரிவாக்கத்தை ஏற்கவில்லை. டெக்சஸில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்குக் காப்பீடு இல்லை. அங்கெல்லாம் சட்டம் ஒரு விசித்திரமான பள்ளத்தை விட்டுவைத்தது. ஓரளவு வருமானம் உள்ளவர் மானிய விலையில் காப்பீடு வாங்கலாம்; அதைவிட வறியவர் மானியத்துக்கும் தகுதியில்லை, மெடிகெய்டுக்கும் தகுதியில்லை. பணம் கட்ட முடியாத நோயாளிகளின் சுமையில் கிராமப்புற மருத்துவமனைகளும் மூடப்பட்டன. அப்படி மூடிய ஊரில் காப்பீட்டு அட்டை வைத்திருந்தவரும் பிரசவத்துக்கு அடுத்த கவுண்டிக்குப் போக வேண்டியிருந்தது.

ஆர்கன்சா மாநிலம் 2018இல் மெடிகெய்ட் பெறுவோர் மாதம் 80 மணிநேரம் வேலை செய்ததை நிரூபிக்க வேண்டும் என்று விதித்தது. தொடக்கத்தில் அந்தக் கணக்கை இணையத்தில்தான் பதிய வேண்டும். அந்தத் தளம் இரவு 9 மணிக்கு மூடி காலை 7 மணிக்குத் திறக்கும். சில மாதங்களில் சுமார் 18,000 பேர் காப்பீட்டை இழந்தார்கள். இவர்களில் பலர் வேலை செய்துகொண்டோ விலக்குக்குத் தகுதியோடோ இருந்தவர்கள். வேலைக்குப் போவோர் தொகை கூடவில்லை என்று பின்வந்த ஆய்வு கண்டது. 2019 மார்ச்சில் நீதிமன்றம் அந்த விதியை நிறுத்தியது. கொரோனா காலத்தில் யாரையும் மெடிகெய்டிலிருந்து நீக்கக் கூடாது என்று இருந்த தற்காலிகத் தடை 2023 வசந்தத்தில் முடிந்ததும், இரண்டு கோடிக்கும் மேற்பட்ட பெயர்கள் நீக்கப்பட்டன. படிவம் சேராதது, முகவரி மாறியது போன்ற நடைமுறைக் காரணங்களாலேயே பெரும்பாலோர் விடுபட்டார்கள். 2025 ஜூலையில் நிறைவேறிய கூட்டாட்சிச் சட்டம் அதே 80 மணிநேர விதியை, மெடிகெய்டை விரிவாக்கிய மாநிலங்களில் 2027 தொடக்கத்துக்குள் அமலுக்குக் கொண்டுவருகிறது. அந்தச் சட்டத்தின் எல்லா விதிகளும் சேர்ந்து 2034க்குள் காப்பீடு இல்லாதோர் எண்ணிக்கையை ஒரு கோடி அளவு கூட்டும் என்று நாடாளுமன்ற வரவுசெலவு அலுவலகம் மதிப்பிட்டுள்ளது.